பதினாறு மணி நேரக் கூலி

1961 ஜனவரி 22, ஞாயிற்றுக்கிழமை. காலை மணி 6.20.

கறுப்பு ஃபியட் கார் மேடேற மறுத்தது.

அப்படி ஒன்றும் பெரிய மேடில்லை. கொடைக்கானல் மூஞ்சிக்கல் கடைத்தெருவைத் தாண்டியதும் வருவதுதான். முந்தின நாள் சாயங்காலம் இதே கார் இதே மேட்டை மூன்றாவது கியரில் அலட்சியமாக ஏறிக் காட்டியிருந்தது. இன்றைக்கோ இரண்டாவது கியருக்கு இறங்கியும் முக்கி முனகித்தான் உச்சியை எட்டியது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பழனிக்காரர் இராமலிங்கத்துக்கு வேர்த்துக் கொட்டியது. புல்லெல்லாம் உறைபனி பூத்துக் கிடந்த காலையில் ஒருவருக்கு வேர்க்கிறதென்றால் விஷயம் சின்னதாக இருக்க முடியாது.

இன்னும் மூன்றரை மணி நேரத்தில் வத்தலக்குண்டில் மலையேற்றக் கார்ப் பந்தயம் தொடங்குகிறது. அடிவாரத்தில் ஒவ்வொரு காராக இடைவெளி விட்டுப் புறப்பட்டு, மலைச்சாலை முழுக்க வளைந்து ஏறி, கொடைக்கானல் ஏரிக்கரையில் முடிகிற பந்தயம். அதற்காகவே எழுநூறு ரூபாய் கொடுத்து, இத்தாலியிலிருந்து பம்பாய் வழியாக ஒரு பந்தயக் கேம்ஷாஃப்டை இராமலிங்கம் வரவழைத்திருந்தார். எஞ்சினுக்குள் சுழன்று வால்வுகளைத் தூக்கி இறக்கும் தண்டு அது. சாதாரணத் தண்டைவிடப் பந்தயத் தண்டு வால்வை அதிக உயரம் தூக்கும். எஞ்சின் ஆழமாக மூச்சிழுக்கும், வண்டி பறக்கும்.

பக்கத்து சீட்டிலிருந்த மெக்கானிக் மயில்சாமி இறங்கி பானட்டைத் தூக்கினார். வால்வுகளின் மேல்மூடியைக் கழற்றி, அளவுக்கருவியை வைத்து வால்வு எவ்வளவு எழும்புகிறது என்று பார்த்தார். நம்பாமல் இன்னொரு தரம் பார்த்தார்.

"மொதலாளி, உள்ள கெடக்கது நான் மாட்டுன தண்டு இல்லீங்க. சாதாத் தண்டு."

பாவி மனுஷன், கார்புரேட்டரில் தூசி, பெட்ரோலில் தண்ணீர் என்று எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். உள்ளதை உள்ளபடி சொன்னார். சொன்ன மறு நிமிஷம் இராமலிங்கம் அவருடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார்.

மணி 7.05.

சப்-இன்ஸ்பெக்டர் சேனாதிபதி மயில்சாமியின் ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தே வந்தார். அவர் எங்கே போனாலும் நடைதான். காரில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் குமட்டும். மாற்றலாகிக் கொடைக்கானலுக்கு வந்த அன்று மலைச்சாலை வளைவுகளில் நான்கு எலுமிச்சம்பழங்களை முகர்ந்தே தீர்த்தவர். காரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அதற்கு நான்கு சக்கரம். அதனாலேயே வெட்கப்படாமல் எதையும் கேட்பார்.

கூடவே ஏட்டு பொன்னுச்சாமி, மஃப்ளரும் நடுக்கமுமாக வந்தார். அவர் பல் தந்தியடிப்பதைப் பார்த்து மெக்கானிக்கின் மனைவி சின்னத்தாயிக்கு அந்தத் துயரத்திலும் இரக்கம் வந்துவிட்டது.

"வெந்நி ஒரு குடம் மிச்சம் கெடக்கு. ஆறுறதுக்குள்ள மொகங் கழுவிக்கிருங்க."

"நல்லாருப்ப தாயி" என்று ஏட்டு குடத்தோடு ஒதுங்கினார்.

சேனாதிபதி ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். தகரக் கூரை, ஒரே கதவு, அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் திண்டுக்கல் பூட்டு. ஜன்னல் கிடையாது.

"சாவி எத்தனை?"

"ரெண்டுங்க. ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு மொதலாளிகிட்ட."

"நேத்துச் சாயங்காலம் என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாமச் சொல்லு."

"அஞ்சு மணிக்கு மொதலாளியே வண்டிய ஓட்டிப் பாத்தாரு. அந்த மேட்டுல பறந்துச்சுங்க. ஏழு மணிக்கு வண்டிய உள்ள விட்டோம். தண்ணிய எறக்குனேன், சக்கரத்துக்குக் கல்லு வச்சேன், வண்டிச் சாவிய வண்டியிலயே விட்டுட்டுக் கதவப் பூட்டுனேன். வீட்டுக்குப் போயிட்டேன். காலைல அஞ்சரைக்கு என் சாவியாலதான் தொறந்தேன். பூட்டு போட்டபடி இருந்துச்சு."

"ஐந்து மணிக்குப் பறந்தது உண்மையா?" என்று இராமலிங்கத்தைப் பார்த்துக் கேட்டார் சேனாதிபதி.

"உண்மைதான். நானே ஓட்டினேன்."

"அப்போ தண்டு உள்ளே இருந்திருக்கிறது. ராத்திரிதான் மாறியிருக்கிறது. உங்கள் சாவி?"

"லாட்ஜில் கோட்டுப் பையில் வைத்திருந்தேன். காலையில் கதவோரம் தரையில் கிடந்தது, கோட்டை எடுக்கும்போது விழுந்திருக்கும். என் சாவியை விடுங்க சார். எனக்கா இந்த வேலை தெரியும்? இந்த மலையிலே கேம்ஷாஃப்டைக் கழற்றத் தெரிந்த கை இவன் கை ஒன்றுதான். எழுநூறு ரூபாய்ச் சரக்கு. இவனே ராத்திரி வந்து உருவிட்டுக் குப்பைத் தண்டைச் சொருகிட்டான்!"

"இந்த வேலைக்கு எவ்வளவு நேரமாகும்?"

ஆணியில் குத்தியிருந்த கூலிச் சீட்டைச் சின்னத்தாயி எடுத்து நீட்டினாள். கேம்ஷாஃப்ட் மாற்றிய வகையில் ஆள் இரண்டு, மணி பதினாறு. மயில்சாமி மணிக்கு இரண்டு ரூபாய் வீதம் முப்பத்திரண்டு. சின்னத்தாயி மணிக்கு ஒரு ரூபாய் வீதம் பதினாறு. ஆக நாற்பத்தெட்டு ரூபாய். சின்னத்தாயியின் பெயர் மேல் சிவப்பு மசியில் குறுக்கே ஒரு கோடு.

"இந்தக் கோடு யார் போட்டது?"

"நான்தான்" என்றார் இராமலிங்கம். "விளக்குப் பிடித்ததற்கெல்லாம் கூலியா சார்?"

சின்னத்தாயிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பூண்டி மலைத்தோட்டத்தில் வெள்ளைப்பூண்டு மூட்டை தூக்கி வளர்ந்தவள் அவள். "வெளக்கா? ரேடியேட்டர எறக்குனப்ப அந்தப் பக்கம் பிடிச்சது ஆரு? எட்டு வால்வுக் கம்பியவும் வரிசை மாறாம எடுத்து வச்சு, திரும்ப எடுத்துக் குடுத்தது ஆரு? கேளுங்கய்யா அவுககிட்ட."

"பதினாறு மணியே பொய் சார்" என்று இராமலிங்கம் குரலை உயர்த்தினார். "ஏழிலிருந்து ஐந்தரை வரைக்கும் பத்தரை மணி நேரம். அதற்குள் இவன் கழற்றி மாட்டியிருக்கிறான். அப்படியென்றால் பத்து மணி நேர வேலைக்குப் பதினாறு என்று எழுதியிருக்கிறான். தண்டையும் திருடினான், கூலியையும் திருடினான்!"

மயில்சாமியின் முகம் சுருங்கிப் போனது. திருடன் என்றபோதுகூட அவர் தலையை நிமிர்த்தித்தான் நின்றார். நேரத்தைக் கூட்டி எழுதினான் என்றதும் கண் கலங்கிவிட்டது. சாவியையும் வண்டியையும் நம்பி ஒப்படைத்துவிட்டுப் போகிற ஊர் இது. அந்த நம்பிக்கை போனால் ஷெட்டை மூடிவிட்டுப் பூண்டு பிடுங்கத்தான் போகவேண்டும், அதுவும் ஜெயிலிலிருந்து திரும்பி வந்த பிறகு.

"வேறு ஒர்க்‌ஷாப்பில் விசாரித்தீர்களா?" என்றார் சேனாதிபதி.

"விசாரிக்காமலா? மதுரையில் பதினாலு மணி என்றார்கள். திண்டுக்கல்லில் பதினெட்டு. இவன் நடுவில் சொன்னதால்தான் இங்கே கொடுத்தேன்."

சொன்ன பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்பது இராமலிங்கத்துக்கு உறைத்தது.

"பலே! ஊர் உலகத்தில் யார் செய்தாலும் பதினாலுக்குக் குறையாது. ராத்திரி இருந்ததோ பத்தரை" என்று சேனாதிபதி மீசையைத் தடவினார். "மயில்சாமி, முதலில் கழற்றின பழைய தண்டு எங்கே?"

"இந்தா இருக்குங்க." அலமாரியில் எண்ணெய்த் துணி சுற்றி, நூல் கட்டி, 'இராமலிங்கம் ஐயா' என்று சீட்டு ஒட்டிய தண்டு பத்திரமாக இருந்தது.

"பழைய தண்டு இங்கே. புதுத் தண்டைக் காணோம். எஞ்சினுக்குள் மூன்றாவதாக ஒன்று. சரி, ராத்திரி லாட்ஜுக்கு யாராவது வந்தார்களா?"

"யாரும் வரவில்லை. என் சகலை குழந்தைவேல் மட்டும் வந்து சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குக் கிளம்பினான். அவன் வத்தலக்குண்டுக்காரன். இன்றைக்குப் பந்தயத்திலும் ஓட்டுகிறான். தங்கமான பையன் சார். என் கோட்டை வாங்கி ஸ்டாண்டில் மாட்டினதுகூட அவன்தான்."

"அவர் என்ன கார்?"

"இதே ஃபியட்தான். எங்கள் மாமனார் பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கிற தங்கமுத்து. பெரிய மருமகன், சின்ன மருமகன் என்று சண்டை வரக்கூடாதென்று போன ஐப்பசியில் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வாங்கிக் கொடுத்தார். அவர்தான் இன்றைக்குக் கப்புக் கொடுக்கிறார். அவர் முன்னால் என் மானம் போகப்போகிறது!"

அந்த நேரம் பார்த்து ஏட்டு பொன்னுச்சாமி, முகம் செக்கச்செவேலென்று பளபளக்க, காலிக் குடத்தோடு திரும்பி வந்தார். "ஐயா, சொர்க்கமய்யா! கழுத்து, கை, கால் எல்லாம் கழுவிட்டேன். இந்தக் குளிருல ஒரு குடம் வெந்நியை யாரு மிச்சம் வைப்பா?"

சேனாதிபதி சட்டென்று நின்றார். குடத்தைப் பார்த்தார். சின்னத்தாயியைப் பார்த்தார்.

"அம்மா, இந்த வெந்நீர் எதுக்குப் போட்டது?"

"காருக்குத்தாங்க. பனிக்காலத்துல ரேடியேட்டருல தண்ணி நின்னா ராத்திரி உறைஞ்சு வெடிச்சுரும். அதனால சாயங்காலமே எறக்கிருவாக. காலைல வெள்ளனே வெந்நி ஊத்தித்தான் கெளப்புவோம். இங்கன எல்லா வண்டிக்கும் அதான வழக்கம்."

"இன்னிக்கு எவ்வளவு ஊத்துனீங்க?"

"ஒரு செம்பு ஊத்துனேன், வழிஞ்சிருச்சு. மூடியத் தொறக்கையிலயே ததும்ப நின்னுச்சு. இவுக வெரசா ஊத்திட்டாக போலன்னு விட்டுட்டேன்."

"நானா?" என்றார் மயில்சாமி. "நீ ஊத்திட்டேன்னுல்ல நான் நெனச்சேன்!"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சேனாதிபதி வாய்விட்டுச் சிரித்தார். திருட்டு விசாரணையில் அவர் அப்படிச் சிரித்து ஏட்டு பார்த்ததே இல்லை.

"ஏட்டு, பந்தயக் கமிட்டிக்குப் போய், பேர் கொடுத்தவங்க எழுதின மனுப் படிவம் எல்லாத்தையும் வாங்கிட்டு ஏரிக்கரைக்கு வாரும். வத்தலக்குண்டுக்கு மட்டும் யாரும் போன் பண்ணக் கூடாது. காற்று வாக்கில்கூடச் சேதி கீழே இறங்கக் கூடாது."

"இவனை அரெஸ்ட் பண்ணலையா?" என்று இராமலிங்கம் கத்தினார்.

"இவரும் ஏரிக்கரைக்கு வருவார். நீங்களும் வாருங்கள். பந்தயம் பார்க்க வேண்டாமா?"

மணி 11.10.

ஏரிக்கரையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். சாமியானாவுக்குக் கீழே பட்டு அங்கவஸ்திரமும் நெற்றி நிறைய விபூதியுமாகத் தங்கமுத்து உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் வெள்ளிக் கப்பும் ஆளுயர ரோஜா மாலையும் இருந்தன. மூத்த மருமகனின் கார் புறப்படவே இல்லை என்று கேள்விப்பட்டு அவர் முகம் வாடியிருந்தது. இராமலிங்கம் அவர் பக்கம் திரும்பாமல் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏட்டின் பக்கத்தில் மயில்சாமி. கையில் விலங்கு இல்லை, ஆனால் ஊர் கண்ணெல்லாம் அவர் மேல்தான். 'திருட்டு மெக்கானிக்' என்று யாரோ சொன்னது சின்னத்தாயியின் காதில் விழுந்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சொன்னவனைத் திரும்பி முறைத்தாள்.

மணி 11.19.

தூரத்தில், மரங்களுக்கு அப்பால், ஒரு எஞ்சின் சத்தம் கேட்டது.

மயில்சாமி தலையைத் தூக்கினார். சத்தம் வளைவில் மறைந்து, மறுபடி வந்தது. அவர் ஏட்டின் கையை இறுகப் பிடித்தார். "ஏட்டய்யா! அது என் எஞ்சினு! நான் மாட்டுன தண்டு! சாதா வண்டி இப்படி அலறாதுய்யா!"

"தெரியும்" என்றார் முன்னால் நின்ற சேனாதிபதி, திரும்பாமலே.

கறுப்பு ஃபியட் ஒன்று கடைசி வளைவைச் சீறித் திரும்பி முடிவுக் கோட்டைத் தாண்டியது. ஒரு மணி ஏழு நிமிஷம். கமிட்டிக்காரர் கடிகாரத்தை உலுக்கிப் பார்த்தார், ஏனென்றால் அதற்கு முன் எந்தக் காரும் ஒன்றேகால் மணிக்குள் ஏறியதில்லை. கூட்டம் ஓவென்று ஆர்ப்பரித்தது. கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக இறங்கினான் சின்ன மருமகன் குழந்தைவேல். தங்கமுத்து பூரித்துப்போய் மாலையோடு எழுந்தார்.

"ஒரு நிமிஷம் ஐயா" என்று சேனாதிபதி குறுக்கே நின்றார். "அந்த மாலையைக் கொஞ்சம் பொறுத்துப் போடுங்கள். தம்பி குழந்தைவேல், பானட்டைத் திற."

"எதுக்கு சார்?"

"கார் நம்பர் பலகை உன்னுடையது. ஆனால் எஞ்சின் நம்பர் யாருடையது என்று பார்க்கணும்."

குழந்தைவேலின் சிரிப்பு அப்படியே நின்றது. ஏட்டு பானட்டைத் தூக்கினார். கமிட்டிக்காரர் குனிந்து, எஞ்சினில் அடித்திருந்த எண்ணை உரக்கப் படித்தார். பிறகு மனுப் படிவங்களைப் புரட்டி, ஒன்றைக் கையில் பிடித்தபடி விழித்தார். "இது... இது இராமலிங்கம் கொடுத்த மனுவில் இருக்கிற நம்பர்!"

சேனாதிபதி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். காரைப் பற்றி ஒன்றும் தெரியாத மனுஷனுக்கு, ஒரு காரைப் பற்றி ஊர் நடுவில் பேசப்போகிறோம் என்பதில் இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

"எல்லாரும் தண்டை யார் மாற்றினார் என்று கேட்டீர்கள். நான் எத்தனை மணி நேரம் என்று கேட்டேன். மயில்சாமி பதினாறு என்று எழுதியிருந்தார். மதுரையில் பதினாலு. ராத்திரி இருந்தது பத்தரை. செய்ய முடியாத வேலை என்றால் யாரும் செய்யவில்லை என்றுதானே அர்த்தம்? தண்டு மாறவே இல்லை. காரே மாறிவிட்டது! நம்பர் பலகையையும் உள்ளே இருந்த சாமான்களையும் மாற்ற அரைமணி நேரம் போதும்.

"குழந்தைவேல் ராத்திரி லாட்ஜில் சாப்பிட்டான். சகலையின் கோட்டை வாங்கி மாட்டும்போதே சாவியை எடுத்துக்கொண்டான். ஷெட்டைத் திறந்து தன் காரைச் சாவியோடு உள்ளே விட்டான், சாவியோடு நின்ற பந்தயக் காரை வெளியே எடுத்தான். பூட்டை அமுக்கிவிட்டு, சாவியை லாட்ஜ் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டான். அதுதான் காலையில் கதவோரம் கிடந்தது. எல்லாம் கச்சிதம். ஆனால் பயல் கீழ்நாட்டுக்காரன். பனிக்காலத்தில் இங்கே ராத்திரி ரேடியேட்டரில் தண்ணீர் வைக்கமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியாது. ஷெட்டில் பூட்டினது தண்ணீர் இறக்கிய கார். காலையில் திறந்தபோது நின்றது தண்ணீர் ததும்பும் கார். சின்னத்தாயி ஊற்ற வைத்திருந்த வெந்நீர் மிச்சமாகி, நம்ம ஏட்டு அதில் குளித்தே விட்டார்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஏட்டு மஃப்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"என்னப்பா, எடுத்துக்கொண்டு போன காரில் தண்ணீரே இல்லையே, கீழே எப்படி இறங்கினாய்?"

குழந்தைவேல் தலையைத் தொங்கப் போட்டான். "வெள்ளி அருவிகிட்ட வரும்போது சூடாகி முள்ளு சிவப்புல நின்னுச்சு. அருவித் தண்ணியப் பிடிச்சு ஊத்துனேன். மெக்கானிக்கு மறந்துட்டான்னு நெனச்சேன் சார்."

"மறக்கிற மெக்கானிக்கா அது?" என்றார் சேனாதிபதி. "கீழேயே உன்னைப் பிடித்திருக்கலாம். ஆனால் சேதி தெரிந்தால் பலகையைக் கழற்றி எறிந்துவிட்டுத் திண்டுக்கல் பக்கம் போயிருப்பாய். திருட்டுப் பொருளைத் தேடி நான் ஏன் வளைவு வளைவாக இறங்கி வாந்தி எடுக்கணும்? நீயே கொண்டுவந்து என் காலடியில் நிறுத்துவாய் என்று தெரியும். நிறுத்திவிட்டாய். ஏட்டு, கூட்டிக்கொண்டு போம்."

தங்கமுத்து கையில் மாலையோடு அப்படியே நின்றார். சின்ன மருமகனைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு கமிட்டிக்காரரிடம் கேட்டார், "கள்ள ஓட்டக்காரனுக்குக் கப்பு இல்ல. சரிதான். ஆனா அந்த ஒரு மணி ஏழு நிமிஷம்?"

"அந்தத் தண்டின் வேலை ஐயா" என்றார் கமிட்டிக்காரர். "அதை மாட்டின கையின் வேலை."

கிழவர் விடுவிடென்று நடந்து, எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு நின்ற மயில்சாமியின் கழுத்தில் மாலையைப் போட்டார். ஏரிக்கரை அதிர்ந்தது. 'திருட்டு மெக்கானிக்' என்று சொன்னவன்தான் எல்லாரையும்விடச் சத்தமாக விசிலடித்தான். மயில்சாமி அழுதார், சிரித்தார், மாலையைப் பாதியாக இழுத்துச் சின்னத்தாயி தோளிலும் போட்டார். அவள் "ஐயய்ய, ஊரே பாக்குது" என்றாளே தவிர எடுக்கவில்லை.

இராமலிங்கம் மெல்ல வந்து நின்றார். கையில் அந்தக் கூலிச் சீட்டு இருந்தது. பேனாவை எடுத்து, சிவப்புக் கோட்டுக்குக் கீழே, 'சின்னத்தாயி, பதினாறு மணி' என்று தம் கையாலேயே திரும்ப எழுதினார்.

"மணிக்கு எவ்வளவு போடட்டும் தாயி?"

"அவுகளுக்கு எவ்வளவோ அவ்வளவு" என்றாள் அவள், கண்ணிமைக்காமல்.

"ரெண்டு ரூபாய்" என்று எழுதினார் இராமலிங்கம். அதோடு விடாமல், "மயில்சாமி, என்னை மன்னிச்சிரு" என்றார். பழனிக் கடைத்தெருவில் யாரிடமும் அவர் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

சாயங்காலம் மணி 6.45.

ஜெயித்த கார் ஷெட்டுக்குள் நின்றது. வாசலில் இருபது பேர் வேடிக்கை பார்த்தார்கள். சேனாதிபதி வீட்டுக்கு நடந்து போகிற வழியில் ஒரு நிமிஷம் நின்றார்.

உள்ளே சின்னத்தாயியின் குரல் கேட்டது. "தண்ணிய எறக்கியாச்சா?"

"எறக்கியாச்சு!" என்றார் மயில்சாமி.

"நெசமாவா?"

"வந்து பாரு!"

அவள் உள்ளே போய், குனிந்து, கையை விட்டே பார்த்துவிட்டுத்தான் வந்தாள். அதன் பிறகுதான் பூட்டை அமுக்கினார்கள்.